கனகசிங்கம் கட்டிய வளைவு

தெகிவளை
08.01.1995

கர்த்தருக்குள் அன்பான தங்கச்சி நேசமலருக்கு,

அண்ணன் ஞானரெத்தினம் எழுதுவது. உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் பிரிக்காமல் போட்டுவிடாதே. நான் கண்டல்முனையை விட்டு வந்து நாலு வருஷம் தாண்டிவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை, நானும் எழுதவில்லை. யாருடைய பிழை என்று இப்போது ஆராய வேண்டாம்.

இது கோயில் அலுவல். வருகிற ஆடியில் நம்முடைய கண்டல்முனை மெதடிஸ்த ஆலயத்துக்கு நூற்றைம்பது வருஷம் நிறைகிறது. ஆலய வரலாற்றைச் சிறு நூலாக எழுதித் தரும்படி சேகரத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷம் கோயில் உக்கிராணக்காரனாக இருந்து நிர்வாகம் பார்த்தவன், பள்ளிக்கூட அதிபராக இருந்து இளைப்பாறியவன் என்று என்னைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள் போலும். மறுக்க முடியவில்லை.

பழைய மிஷன் அறிக்கைகளின் பிரதிகள் என்னிடம் உள்ளன. அளவுகள்தான் இல்லை. பிறந்த நாள் முதல் போய்வந்த கட்டடம், அது எத்தனை அடி நீளம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ அளந்து எழுதி அனுப்ப வேண்டும். ஆரம்பப் பகுதியை எழுதிவிட்டேன். பார்த்துப் பிழை இருந்தால் சொல்:

‘1845ஆம் ஆண்டு மட்டக்களப்பு வாவிக்கரையில் கிடுகுக் கொட்டிலாகத் தொடங்கிய இவ்வாலயம், 1861இல் கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பப்பட்டது. முகப்பில் உருண்ட தூண்கள் நான்கு. கூர்வளைவு கொண்ட யன்னல்கள் எட்டு. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியில் கூரையும் பீடத்துக்கு முன்னுள்ள பெரிய வளைவும் இடிந்து விழுந்தன. 1980இல் அவை புனருத்தாரணம் செய்யப்பட்டன. 1990இல் நிலவிய அசாதாரண சூழ்நிலை காரணமாக ஆராதனைகள் சில காலம் தடைப்பட்டன.’

இங்கே நான் மகள் ஜெனட் வீட்டில்தான் இருக்கிறேன். மருமகன் சிவநேசன் சுகம். பேத்திக்கு இரண்டு வயது. உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் ஜெனட் கதையை மாற்றிவிடுகிறாள்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அண்ணன்


கண்டல்முனை
29.01.1995

அண்ணனுக்கு,

பிரித்தேன். அளவுகள் கேட்டிருந்தீர்கள். அளந்து முடிக்க இரண்டு நாள் பிடித்தது.

உட்புறம் நீளம் அறுபத்திரண்டு அடி, அகலம் இருபத்தெட்டு. சுவரின் கனம் இரண்டேகால் அடி. தூண்கள் கல் அல்ல, செங்கல். மேலே சுண்ணாம்புப் பூச்சு. அந்தச் சுண்ணாம்பு வாவியில் அள்ளிய மட்டிச் சிப்பியைச் சுட்டு எடுத்தது. பூச்சு உதிர்ந்த இடத்தில் விரல் வைத்தால் இப்போதும் சிப்பித் துண்டு தட்டுப்படும். வாசல் ஏன் மேற்கே வாவியைப் பார்த்து இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அந்தக் காலத்தில் சபையார் பாதிப்பேர் அக்கரையில் படுவான்கரையிலிருந்து தோணியில் வந்தவர்கள். தோணி கட்டுவதற்காகப் போட்ட கல்தான் இன்று முதற்படி. வாவி இப்போது நாற்பது யார் தூரம் விலகிப் போய்விட்டது.

யன்னல்கள் எட்டு அல்ல, ஏழு. வடக்குச் சுவரில் கடைசி யன்னலை, போதகர் அறை கட்டும்போது அடைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் பொறுப்பில் இருந்தும் நீங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

அளவுநாடாவின் மறு நுனியைப் பிடித்தது அன்னப்பூரணி. மேசன் கனகசிங்கத்தின் மனைவி என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. சனிக்கிழமைகளில் வந்து கோயிலைக் கூட்டிக் கழுவுகிறாள். பெரிய வளைவை அளக்கும்போது தெற்குக் கால் வடக்கைவிட மூன்று அங்குலம் உயரமாக இருந்தது. நான் பிழையாக அளந்துவிட்டேன் என்று திரும்பவும் நாடாவைப் பிடித்தேன்.

“பிழையில்ல ரீச்சர்,” என்றாள். “தெக்குப் பக்கத்து நிலம் தாழ்ந்து போச்சி. தூணை அசைக்கேலா, காலை உசத்தித்தான் வளைவைச் சமன் பண்ணோணும் எண்டு இவர் சொன்னவர். நான்தான் சாந்து குழைச்சன். பனங்கட்டி கரைச்சி ஊத்தி, ஒம்பது நாள் புளிக்க விட்டு.”

கரடியனாற்றிலிருந்து அவளைக் கல்யாணம் கட்டி இங்கே வந்த மனிதன். சைவக்காரன். சூறாவளியில் விழுந்த வளைவைப் படமோ பொறியியலாளரோ இல்லாமல், ஒரு கயிற்றையும் தென்னம்பலகைச் சாரத்தையும் வைத்துக்கொண்டு நிமிர்த்தினான். நீங்கள் ‘புனருத்தாரணம் செய்யப்பட்டன’ என்று எழுதியிருக்கிறீர்கள். யாரால்?

நாடாவைச் சுருட்டும்போது அவள் கேட்டாள்: “ரீச்சர், அண்டைக்கு இவர் கோயிலடிக்கு வந்து சேரவே இல்லையா?”

“பதினாலு அடி ஆறு அங்குலம்,” என்று சொல்லிவிட்டு நான் குனிந்து கொப்பியில் எழுதினேன்.

நேசமலர்


தெகிவளை
15.02.1995

தங்கச்சிக்கு,

அளவுகளுக்கு நன்றி. யன்னலைத் திருத்திக்கொள்கிறேன்.

மேசனின் பெயர் கூட்டக் குறிப்புகளில் இல்லை. 1861இல் கட்டியவர்களின் பெயர்களும்தான் இல்லை. வேலையாட்களின் பெயரை ஆலய வரலாற்றில் எழுதும் வழக்கம் எங்கும் கிடையாது. இதை நீ வேறு விதமாக எடுத்துக்கொள்ளாதே.

இன்னொன்று. அந்தப் பெண்ணைக் கோயில் வேலைக்கு வைத்தது யார்? அது சரியில்லை, மலர். அவளுக்கும் நல்லதல்ல. வேறு யாரையாவது வைக்கும்படி போதகரிடம் சொல். அவளுக்கு வேலை வேண்டுமென்றால் பாசிக்குடாப் பக்கம் திரும்பக் கட்டிடங்கள் எழும்புவதாகக் கேள்விப்பட்டேன்.

கடிதத்தில் பழைய விஷயங்களைக் கிளறாதே. எத்தனை காவலரணில் எத்தனை பேர் பிரித்துப் பார்க்கிறார்களோ தெரியாது. நீயும் அன்று அங்கே இருந்தாய் என்பதை மறக்க வேண்டாம்.

அண்ணன்


கண்டல்முனை
06.03.1995

அண்ணனுக்கு,

நானும் இருந்தேன். மறக்கவில்லை. மறந்தது போல எழுதுகிறவர் நீங்கள். ஆகையால் நடந்ததை ஒரு தடவை ஒழுங்காக எழுதுகிறேன். யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

1990 ஐப்பசி, ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும். பெண்களும் பிள்ளைகளும் பெரும்பாலும் நாவற்குடாப் பள்ளிக்கூடத்தில் தஞ்சம் இருந்தார்கள். நீங்கள் போகாததால் நானும் போகவில்லை. மழை தொடங்கிவிட்டது, கூரை ஒழுகுகிறது என்று கனகசிங்கத்துக்கு ஆள் விட்டவர் நீங்கள். அவன் விடியவே வந்து ஏறிவிட்டான். சுற்றிவளைப்பு என்று சத்தம் கேட்டதும் ஊரில் மிஞ்சியிருந்த ஆண்கள் கோயிலுக்குள் ஓடி வந்தார்கள். அவனும் இறங்கி உள்ளே வந்தான். உங்களோடு சேர்த்துப் பதினொரு பேர்.

வந்தவர்கள் யார் என்று எழுத மாட்டேன். சீருடை, துவக்கு. அது போதும். அதிகாரி இளம் ஆள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உங்களோடு மரியாதையாக இங்கிலீஷில் பேசினான். “உங்கள் சபையார் இங்கேயே இருக்கலாம். மற்றவர்கள் எங்களோடு வர வேண்டும். யார் யார் சபையார்?” என்று கேட்டான். நீங்கள் அங்கத்தவர் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னீர்கள். நான் போதகர் அறையிலிருந்து கொண்டுவந்து தந்தேன்.

நீங்கள் ஒவ்வொரு பெயராக வாசித்தீர்கள். பெயர் கேட்டவன் “ஓம்” என்று சொல்லி வடக்குச் சுவரோரம் போய் நின்றான். எட்டுப் பெயர். அதற்குப் பிறகு கொஞ்சம் நிறுத்தி, “தோமஸ் சிவநேசன்” என்று வாசித்தீர்கள். அந்தப் பெயரில் நம்முடைய பதிவேட்டில் ஒருவரும் இல்லை. அவன் கதிர்காமத்தம்பியின் மகன். ஜெனட்டுக்குப் பேசி வைத்திருந்தோம், ஞானஸ்நானம் கூட எடுக்கவில்லை. அவன் ஒரு கணம் விழித்துவிட்டு, “ஓம்” என்று சொல்லிப் போய் நின்றான்.

அதோடு நீங்கள் புத்தகத்தை மூடினீர்கள்.

வளைவின் கீழே கனகசிங்கம் மட்டும் தனியே நின்றான். கையெல்லாம் சாந்து. உங்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு தானாகவே வாசலுக்கு நடந்தான். உங்களருகே வந்தபோது நின்று ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னான் என்று இன்றுவரை நான் உங்களிடம் கேட்டதும் இல்லை.

ஊரடங்கு எடுபட்டதும், நாலாம் நாள் அன்னப்பூரணி தேடி வந்தாள். அதற்கு முன்பே நீங்கள் எல்லாரையும் கூட்டி, “அவன் இஞ்ச வரல்ல எண்டு சொல்லுங்க. இல்லாட்டி சிவநேசன்ட கதையும் வெளிய வரும்” என்று சொல்லி வைத்திருந்தீர்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. கடைசியில் அவளிடம் அதைச் சொன்ன வாய் என்னுடையது. “இல்ல புள்ள, அவர் இஞ்ச வந்து சேரல்ல. வழியிலதான் என்னமும் நடந்திருக்கோணும்” என்றேன். அவள் நாலு வருஷமாக அந்த வழியைத்தான் தேடுகிறாள். தன் வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் உள்ள ஒவ்வொரு வீட்டு வளவிலும் ஏறிக் கேட்டுவிட்டாள்.

இப்போது காணாமல் போனவர்களை விசாரிக்க ஆணைக்குழு வருகிறதாம். போன கிழமை படிவத்தை என்னிடம் கொண்டுவந்தாள், நிரப்பித் தரச் சொல்லி. பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதினேன். ‘கடைசியாகக் கண்ட இடம், கண்டவர்’ என்று ஒரு வரி வந்தது. கண் நோகிறது, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன். இன்று வரைக்கும் நாலு தடவை அந்த ‘நாளைக்கு’ வந்துபோய்விட்டாள்.

அந்த வரியில் என்ன எழுத வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

நேசமலர்


தெகிவளை
24.03.1995

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை ஜெனட்டின் கண்ணில் படாமல் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். வைத்த இடத்தை நினைத்தும் வெட்கமாக இருக்கிறது.

நீ எழுதியதில் ஒரு எழுத்தும் பிழையில்லை. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. நான் வாசிக்கத் தொடங்குமுன் அந்த அதிகாரி பதிவேட்டை வாங்கிப் பார்த்தான். தலைகீழாகப் பிடித்தான். அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, மலர். அது எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அந்தப் புத்தகத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று நான் சொல்வதுதான் பெயர். அதனால்தான் சிவநேசனை வாசிக்கத் துணிந்தேன்.

அடுத்த மூச்சில் கனகசிங்கத்தையும் வாசித்திருக்கலாம். ஒரேயொரு பெயர்.

ஏன் வாசிக்கவில்லை? நான் இடையில் நிறுத்தியதைக் கவனித்து அதிகாரி என் முகத்தைப் பார்த்தான் என்று எனக்கே பல தடவை சொல்லியிருக்கிறேன். அவன் பார்த்தது உண்மைதான். எனக்கு ஒரு பொய்க்கு மட்டுமே துணிவு இருந்தது, அதை என் மகளுக்காகச் செலவழித்துவிட்டேன். இது ஒரு விடை. இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரிடமும் சொன்னதில்லை. வளைவு கட்டி முடிந்த அன்று, “கனகசிங்கம், இவ்வளவு செய்தனீ, சபையிலயும் சேரன்” என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டு, “நான் கட்டினது போதாதா சேர், நானும் உள்ளுக்கு வரோணுமா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது தைத்தது. பத்து வருஷம் கழித்து, அந்தக் காலையில், அந்த முள் என் நாக்கில் இருந்ததா? இல்லை என்று சத்தியம் பண்ண எனக்கு முடியவில்லை.

அவன் என்ன சொன்னான் என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன். “சேர், மேல ரெண்டு ஓடு திறந்தபடி இரிக்கி. மழைக்கு முதல் ஆரையும் விட்டு மூடிருங்க.” அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

நான் ஒருவரையும் விட்டு மூடவில்லை. ஞாயிறு மழை பெய்தது.

மலர், கெஞ்சிக் கேட்கிறேன். படிவத்தில் ‘கோயில்’ என்று மட்டும் எழுது. பதிவேட்டைப் பற்றி எழுதாதே. சிவநேசனை இங்கே மாதத்தில் இரண்டு தடவை தெருவில் மறித்து அடையாள அட்டை கேட்கிறார்கள். இது வெளியே வந்தால் அவன் கதி என்ன? அன்னப்பூரணியிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே. எனக்குக் கொஞ்சம் காலம் தா.

அண்ணன்


கண்டல்முனை
02.05.1995

அண்ணனுக்கு,

காலம் கேட்டீர்கள். சித்திரை முடியுமுன் மறுபடி சண்டை தொடங்கிவிட்டது. இந்தக் கடிதம் எப்போது வந்து சேருமோ தெரியவில்லை. கொடுக்க என்னிடம் காலம் இல்லை. அவளிடம் சொல்லிவிட்டேன்.

இந்த வருஷம் பெரிய வெள்ளியும் புதுவருஷமும் ஒரே நாளில் வந்தன. மறுநாள் சனிக்கிழமை, உயிர்த்தெழுந்த ஞாயிறுக்காகக் கழுவ வந்தாள். வாளியைக் கீழே வைக்க முதலே, “அன்னப்பூரணி, அவர் அண்டைக்கு இஞ்ச வந்தவர்” என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். “வந்தவரா?”

“ஓம்.”

“கூரையில ஏறினவரா?”

“ஓம்.”

“சாப்பிட்டவரா?”

என்னிடம் எதை வேண்டுமானாலும் கேட்பாள் என்று நினைத்திருந்தேன், இதை நினைக்கவில்லை. அவள் கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சல் போதகர் அறைப் படியில் பிரிக்காமல் இருந்தது. மறுநாள் நான்தான் எடுத்து நாய்க்குப் போட்டேன். தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் உள்ளதைச் சொன்னேன். பதிவேட்டையும் சொன்னேன், எட்டுப் பெயரையும் சொன்னேன், ஒன்பதாவது பெயரையும் சொன்னேன். வழியில் தேடச் சொல்லி அனுப்பியது நான் என்பதையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். “எங்க நிண்டவர்?” என்று கேட்டாள். காட்டினேன். அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் சொன்னாள்:

“நாலு வருசமா இந்த நிலத்தக் கூட்டிறன் ரீச்சர். இந்த இடத்தையும்தான் கூட்டினன். நீங்க வெளி வாங்குப் பலகையில இருந்து பார்த்துக்கொண்டிருந்தீங்க.”

சிவநேசனைப் பற்றி நான் கேட்காமலே சொன்னாள். “அந்தத் தம்பி இரிக்கட்டும். அவர் போயிருந்தா இவர் வந்திருப்பாரா? ஆனா வாசிச்சவர் வரோணும். ஒங்கட கடதாசி எனக்கு வேணாம். வாசிச்சவர் வந்து வாயால சொல்லோணும்.”

வாளியையும் விளக்குமாற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவில்லை. சனிக்கிழமைகளில் இப்போது நான் கூட்டுகிறேன்.

வடக்குச் சுவரோரம் நின்ற எட்டுப் பேரில் ஐந்து பேர் ஊரில் இருக்கிறார்கள். ஐந்து வீட்டுக்கும் போனேன். இரண்டு பேர் சாட்சி சொல்ல வருகிறோம் என்றார்கள். ஒருவர் என்னை வாசலுக்குள் விடவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். போன கடிதத்தில், பதிவேட்டை எடுத்துவர நீங்கள் சொன்னதாக எழுதினேன். அது பொய். நீங்கள் சொல்லவில்லை. அதிகாரி கேட்டதும் நீங்கள் ஒன்றும் சொல்லத் தெரியாமல் நின்றீர்கள். நான்தான் ஓடிப் போய் எடுத்துவந்து உங்கள் கையில் வைத்தேன். எங்கட ஆட்கள் தப்பட்டும் என்று அவ்வளவு அவசரம் எனக்கு. எங்கட ஆட்கள் என்றபோது எனக்கு அவன் நினைவு வரவேயில்லை. நாலு வருஷம் உங்களோடு கோபமாக இருந்தது எனக்கு வசதியாக இருந்தது, அண்ணன். முழுவதையும் உங்கள் தலையில் வைத்துவிட்டு நான் கோயிலில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தேன்.

நேசமலர்


தெகிவளை
11.06.1995

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைக்க இரண்டு கிழமைக்கு மேல் சென்றது. படித்த அன்றே சிவநேசனைக் கூப்பிட்டு எதிரே இருத்தி, நான் சாட்சி சொல்லப் போகிறேன் என்றேன். பெயரைச் சொல்லாமல் விடலாமா என்று கேட்கத்தான் இருந்தேன். அவனே சொன்னான்.

“சொல்லுங்க மாமா. தோமஸ் எண்டு ஆரும் ரோட்டில கூப்பிட்டா இப்பவும் நான்தான் திரும்பிப் பாக்கிறன். அந்தாள் எனக்குப் பக்கத்தில நிண்டவர். நான் சுவர்ப்பக்கம் போகக்குள்ள, போ தம்பி எண்டு தோளில தட்டினவர்.”

இவ்வளவு காலம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். இதை இப்போதுதான் சொல்கிறான். ஜெனட் என்னோடு பேசுவதில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள்.

வரலாற்றைத் திருத்தி எழுதிச் சேகரத்துக்கு அனுப்பினேன். திருத்திய பகுதி இது:

‘1980இல் பெரிய வளைவைக் கட்டியவர் கண்டல்முனை மேசன் கனகசிங்கம். சாந்து குழைத்தவர் அவருடைய மனைவி அன்னப்பூரணி. 1990 ஐப்பசியில், கூரை திருத்த வந்திருந்த கனகசிங்கம் இவ்வாலயத்தின் உள்ளிருந்து கொண்டுசெல்லப்பட்டார். சபையார் அல்லாதவர் என்று அவர் ஒதுக்கப்பட்டார். அப்போது பதிவேட்டை வாசித்தவர் இந்நூலை எழுதுபவர். சபையார் அனைவரும் அதை மறைத்தனர்.’

நேற்றுப் பதில் வந்தது. மரியாதையான கடிதம்தான். ஜூபிலி மலருக்கு இது பொருத்தமில்லையாம், பொருத்தமான காலத்தில் ஜெபத்தோடு ஆராயலாமாம். ஜனவரியில் நான் முதலில் அனுப்பிய பிரதியையே அச்சுக்குக் கொடுக்கிறார்களாம். அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதிவிட்டேன். எடுத்துவிடுவார்கள். எட்டு யன்னல் என்றே அச்சாகும்.

ஆணைக்குழு என்றைக்கு இருக்கிறது என்று தந்தி அடி. எந்தப் பாதை திறந்திருக்கிறதோ அதால் வருகிறேன்.

அண்ணன்


தெகிவளை
27.08.1995

மலருக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். வாழைச்சேனையிலும் பொலன்னறுவையிலும் இறக்கி ஏற்றினார்கள், வேறு ஒன்றுமில்லை.

ஆணைக்குழு விசாரணை அன்று உன்னை வெளியே வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டு என்னையும் அன்னப்பூரணியையும் உள்ளே எடுத்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் நீ இரண்டு தடவை கேட்டாய். பஸ்ஸில் அவள் முன் சீட்டில் இருந்தாள், சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் உன் முகத்தைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. எழுதுகிறேன்.

நீண்ட மேசை. மூன்று பேர், ஓரத்தில் தட்டச்சுப் பண்ணுகிறவர் ஒருவர். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இருந்தவர் வயதானவர், சாந்தமாகக் கேட்டார்.

“பதிவேட்டில் இல்லாத பெயரை வாசித்தீர்களா?”

“ஒன்றை வாசித்தேன்.”

“இவருடைய கணவரின் பெயரை?”

“வாசிக்கவில்லை.”

“ஏன்?”

நாலு வருஷமும் பத்து மாதமும் நான் தயார் பண்ணி வைத்திருந்த விடைகள் எத்தனை என்று உனக்குத் தெரியும். உனக்கு எழுதியதெல்லாம் அதில் பாதிதான். அவர் முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தார். “பயம்” என்றேன். தட்டச்சு இரண்டு மூன்று தட்டுத் தட்டிவிட்டு நின்றது. அதற்கு மேல் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கேட்பார்கள் என்று நான் நின்றுகொண்டே இருந்தேன்.

பிறகு அந்தத் தட்டச்சுக்காரர் அன்னப்பூரணியிடம், “இவர் உங்களுக்கு என்ன முறை, அம்மா? படிவத்தில எழுதோணும்” என்று கேட்டார்.

அவள் என் பக்கம் ஒரு தடவை கிறுகிப் பார்த்தாள். அவள் என்னை நேராகப் பார்த்தது அன்று அதுதான் முதல் தடவை.

“முறை ஒண்டும் இல்ல,” என்றாள். “கண்டுகொண்டு நிண்டவர்.”

அவர் ‘சாட்சி’ என்று அடித்தார்.

வெளியே வரும் நடையில் அவளுக்குப் பின்னால் போய், “அன்னப்பூரணி” என்றேன். அவள் நின்றாள், ஆனால் திரும்பவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள்:

“நடந்தத வந்து சொல்லிட்டீங்க. அது உங்கட கடமை. இனி மறுகா என்னட்ட ஒண்டும் கேளாதீங்க, சேர்.”

நான் கேட்கத்தான் போயிருந்தேன், மலர். அவளுக்கு அது தெரிந்திருந்தது. அவள் வெயிலில் இறங்கி உன் பக்கம் நடந்து வந்தாள், நீ எழுந்து வாங்கில் இடம் விட்டாய். அவள் உட்காரவில்லை. நான் நடையிலேயே நின்றேன். அவள் பஸ் தரிப்புக்குப் போய்ச் சேரும் வரைக்கும் நின்றுவிட்டு, அதற்குப் பிறகுதான் இறங்கி வந்தேன்.

உன் அண்ணன்
ஞானரெத்தினம்